முப்பது சதவீத மாணவர்

ரதாமேஸுக்கு கோல்ஃப் மட்டையைப் பிடிக்கத் தெரியாது என்று மன்றம் எழுத்து மூலம் அறிவித்த அன்று காலையில், அவர் மூன்று பேருக்கு மட்டையைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்து முடித்திருந்தார். மூன்றாவது ஆள் கனடாவிலிருந்து வந்த பல் வைத்தியர். ஐந்து நாளாகப் பந்தைத் தென்னந்தோப்புக்கே அனுப்பிக்கொண்டிருந்தவர். அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பந்து நேராகப் போனது. அந்தச் சந்தோஷத்தில் ரதாமேஸின் கையைப் பிடித்தவர் குலுக்கினார், குலுக்கினார், விடவேயில்லை. கை விடுபட்ட பிறகுதான் கடிதத்தைப் பிரிக்க முடிந்தது.

தேசிய கோல்ஃப் அடிப்படைப் போதனைத் தர நிர்ணய உயர் மன்றம் என்று தலைப்பில் பொன்னெழுத்து. முத்திரையில் ஒரு பனைமரம், ஒரு புத்தகம், குறுக்கே இரண்டு மட்டை. பந்து மட்டும் இல்லை. விஷயம் இதுதான்: மூன்று மாதத்துக்குள் மன்றத்தின் சான்றிதழ் பெறாத எந்தப் பயிற்சியாளரும் லாஸ் கார்சாஸ் மைதானத்தின் வாசலைத் தாண்டக் கூடாது. அதுவரை, மன்றத்தின் பார்வையில் அவர் "மட்டை பிடிக்கும் அடிப்படை அறியாதவராகக் கருதப்படுவார்".

எங்கள் ஊர் போக்கா மான்சாவில் கரும்பாலை மூடிய பிறகு, எங்களுக்கு இருப்பது அந்த மைதானம் ஒன்றுதான். ஒரு வீட்டார் அங்கே புல் வெட்டுகிறார்கள், இன்னொரு வீட்டார் துண்டு துவைக்கிறார்கள், மூன்றாவது வீட்டார் குளத்தில் விழுந்த பந்தை இறங்கி எடுக்கிறார்கள். ரதாமேஸ் பதினாலு வயதில் விருந்தாளிகளின் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனவர். இப்போது ஐம்பத்து மூன்று. இருபத்திரண்டு வருடமாகப் பயிற்சித் திடலில் நின்று வெள்ளைக்காரர்களின் இடுப்பைத் திருப்பிக்கொண்டிருக்கிறார். வேறு தொழில் தெரியாது. ஒருமுறை மைத்துனனோடு கோழிப்பண்ணை வைத்தார். மூன்றே வாரத்தில் கோழிகளும் போயின, மைத்துனனும் போனான். தெருவில் அந்தப் பேச்சை எடுத்தால் அவர் மனைவி நூரிஸ் கதவைச் சாத்திக்கொள்வாள், அதனால் இங்கேயும் விட்டுவிடுவோம்.

அவர் சொல்லிக்கொடுக்கும் முறையும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளையெல்லாம் துடைப்பக்கட்டையால் தண்ணீர்க்குடுவையின் மூடியை அடித்து விளையாடும். சுழன்று வரும் மூடியை அடிக்கத் தெரிந்தவனுக்கு, சும்மா தரையில் உட்கார்ந்திருக்கும் பந்து ஒரு பொருட்டா? ரதாமேஸ் விருந்தாளியின் கையில் முதலில் துடைப்பக்கட்டையைத்தான் கொடுப்பார். பத்து விரலும் கட்டையில் படும்படி பிடிக்கச் சொல்வார். அவருடைய பிடியும் அதுதான், ஒன்பது விரலோடு. பதினேழு வயதில் ஒரு விருந்தாளியின் பந்து வலது சுண்டுவிரலில் பட்டு எலும்பு முறிந்து, கோணலாக ஒட்டிக்கொண்டது. டீ குடிக்கும் சீமாட்டியின் விரல் மாதிரி அது எப்போதும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். புத்தகத்தில் போட்டிருக்கும் பிடியில், வலது சுண்டுவிரல் இடது ஆள்காட்டி விரலின் மேல் ஏறி உட்கார வேண்டும். ரதாமேஸின் விரல் எதன் மேலும் உட்காராது.

மறுநாளே பஸ் பிடித்துத் தலைநகருக்குப் போனார். மன்றத்தின் அலுவலகம் ஒரு கல்யாண கேக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே ஒரே வரிசை. ஒன்றரை மணி நேரம் நின்ற பிறகு, நான்கடுக்கா ஐந்தடுக்கா என்று ஒரு பெண் கேட்டபோதுதான் அது கேக் வரிசை என்று தெரிந்தது. மன்றத்தின் வரிசையில் யாருமே இல்லை.

மேலே குளிர்சாதனம் போட்ட போட்டில், யனீரா என்ற எழுத்தர் பெண் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தொரு கேள்வி கொண்ட படிவத்தைக் கொடுத்தாள். ஏழாவது கேள்வி: எத்தனை ஆண்டுகளாகக் கற்பிக்கிறீர்கள்? ரதாமேஸ் பேனாவை அழுத்தி, பெருமையாக, இருபத்திரண்டு என்று எழுதினார்.

யனீரா அதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஐயா, இத அடிச்சிட்டு சைபர்னு எழுதிடுங்களேன்."

"சைபர்னா பொய்யாயிடுமேம்மா."

"பொய்யில்லய்யா. படிவம்."

ரதாமேஸுக்கு அந்த வித்தியாசம் விளங்கவில்லை. விளங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை. இருபத்திரண்டை அப்படியே விட்டுவிட்டார்.

உள்ளே மன்றத் தலைவர் கப்ரால் மொந்தாஸ். அவரை லிசென்சியாதோ என்றுதான் கூப்பிட வேண்டும். பட்டம் வாங்கியவர் என்று அர்த்தம். எந்தப் பட்டம் என்று கேட்பது எங்கள் நாட்டில் மரியாதை இல்லை. இதற்கு முன் அவர் கடலடி மீன்பிடி மன்றத்துக்குத் தலைவராக இருந்தார். நீச்சல் தெரியாது. சொல்லக் கூடாதுதான், ஆனாலும் அந்த நான்கு வருடமும் படகில் ஏறவில்லை என்று அவருடைய ஓட்டுநரே சொல்லியிருக்கிறான்.

லிசென்சியாதோ படிவத்தை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இருபத்திரண்டு வருஷமா அனுமதியில்லாம கத்துக்குடுத்திருக்கீங்க."

"மன்றம் ஆரம்பிச்சே மூணு வருஷம்தானுங்களே, லிசென்சியாதோ."

"அதத்தான் சொல்றேன். விதி வந்தப்புறம் மீறினா அது சாதாரணத் தப்பு. விதி வர்றதுக்கு முன்னாடியே மீறினா? விதிக்குத் தன்னைக் காப்பாத்திக்க ஒரு வாய்ப்பாவது குடுத்தீங்களா?"

ரதாமேஸ் தலையைக் குனிந்துகொண்டார். கொடுக்கவில்லைதான்.

"பரவால்ல. நாங்க தண்டிக்க வரல, ஒழுங்குபடுத்த வந்திருக்கோம். நீங்க பூஜ்ய நிலை மாணவராச் சேரணும். எட்டு சனிக்கிழமை. அடிப்படை மட்டும். பந்து கெடையாது."

"பந்தில்லாம எப்படிங்க?"

"பந்து வந்துட்டா எல்லாரும் அது எங்க போகுதுன்னு பார்க்க ஆரம்பிச்சிடறாங்க. அடிப்படைய யாரும் பார்க்கறதில்ல. இந்த விளையாட்டோட பெரிய பிரச்சினையே பந்துதான்."

"நீங்க ஆடுவீங்களா, லிசென்சியாதோ?" ரதாமேஸ் மரியாதைக்காகத்தான் கேட்டார்.

"நான் ஆடறதில்ல. ஆடினா பக்கச்சார்பு வந்துடும்."

வீட்டுக்கு வந்து நூரிஸிடம் சொன்னார். நூரிஸ் மைதான விடுதியில் துண்டு துவைப்பவள். அன்று வாழைக்காய் மசித்துக்கொண்டிருந்தாள். அகப்பை நின்றுவிட்டது.

"எதுக்குய்யா உண்மைய எழுதின?"

"கேட்டாங்க."

"கேட்டா? எங்கிட்டகூடத்தான் துண்டு எத்தன காணாமப்போச்சுன்னு கேக்கறாங்க. நான் உண்மையா சொல்றேன்?"

சேர்வதற்குச் சேர்ந்தாயிற்று. இனி மாணவருக்கு ஆசிரியர் வேண்டும். இங்கேதான் சிக்கல். நாட்டிலிருந்த மற்ற பயிற்சியாளர்கள் எல்லோரிடமும் வெளிநாட்டுச் சான்றிதழ்த் தாள் இருந்தது. அதை மன்றம் வாசிக்காமலே ஏற்றுக்கொண்டது. வாசிக்க மொழி தெரியவில்லை. ஆனால் அவர்களுக்கு விருந்தாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்க மட்டுமே அனுமதி, உள்ளூர்க்காரனுக்கு இல்லை. உள்ளூர்க்காரனுக்குச் சொல்லிக்கொடுக்கத் தகுதியுள்ள ஆள் நாட்டில் ஒருவரும் கிடையாது. மன்றம் மூன்று வாரம் கூடிப் பேசியது. முடிவில் முப்பத்தொன்றாம் தீர்மானம் வந்தது: அதிக அனுபவமுள்ள உள்ளூர்ப் பயிற்சியாளர் தற்காலிக ஆசிரியராக நியமிக்கப்படுவார். அனுபவத்துக்கு ஆதாரம், மன்றத்திடம் உள்ள படிவங்கள். மன்றத்திடம் இருந்ததோ ஒரே ஒரு படிவம்.

ரதாமேஸ் தொலைபேசியில் கேட்டார்: "அம்மா யனீரா, மாணவர் பேரும் ரதாமேஸ், ஆசிரியர் பேரும் ரதாமேஸ்னு வந்திருக்கே."

"ஆமாய்யா. வேற வேற கோப்பு."

"ஆனா ஆள் ஒண்ணுதானேம்மா?"

கோப்பைப் புரட்டும் சத்தம் கேட்டது. "ஆளப் பத்தி எங்ககிட்ட பதிவு இல்லய்யா. கோப்புதான் இருக்கு."

முதல் சனிக்கிழமை யனீராவே மேற்பார்வைக்கு வந்தாள். பாவம், அவளை ஏன் குறை சொல்ல வேண்டும், கையில் அளவுநாடாவைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். கையேட்டின் பன்னிரண்டாம் பக்கப்படி ஆசிரியருக்கும் மாணவருக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் இருக்க வேண்டும். திடலில் சுண்ணாம்பால் இரண்டு வட்டம் போட்டாள். ஒன்று ஆசிரியருக்கு, மற்றது மாணவருக்கு.

ரதாமேஸ் ஆசிரியர் வட்டத்தில் நின்று, "கால ரெண்டையும் தோள் அகலத்துக்கு வெச்சு நில்லு" என்று சொன்னார். மாணவர் வட்டத்துக்கு ஓடினார். காலை வைத்து நின்றார். திரும்பி ஓடி வந்து பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

"ஆசிரியர் பார்க்கறப்போ மாணவர் எடத்த விட்டுப் போகக் கூடாதுய்யா," என்றாள் யனீரா, எழுதிக்கொண்டே. "ஒழுக்கக் குறைவுன்னு போட வேண்டி வரும்."

"யாருக்குப் போடுவீங்க?"

"மாணவருக்குத்தான். ஆசிரியருக்கு, மாணவர அடக்கத் தெரியலன்னு."

பத்து மணிக்குள் விடுதியின் துவைப்பறைப் பெண்கள் எல்லோரும் வேலியோரம் வந்துவிட்டார்கள். புல் வெட்டும் வண்டிகள் நின்றன. வாசல் காவலாளி சாகோகூட நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். ஐம்பத்து மூன்று வயது மனிதர் வெயிலில் இரண்டு சுண்ணாம்பு வட்டத்துக்கு நடுவே இங்கும் அங்கும் ஓடுவதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? "அண்ணே, மாணவன் சொன்னதக் கேக்கறானா?" என்று சாகோ கத்தினான். நூரிஸ் மட்டும் வேலிப் பக்கம் வரவில்லை. உள்ளே துண்டைப் போட்டு அடிக்கும் சத்தம் கேட்டது. அன்றைக்குத் துவைத்த துண்டில் பாதி கிழிந்திருந்ததாகச் சொன்னார்கள்.

நாலாவது சனிக்கிழமை மட்டை பிடிக்கும் பாடம் வந்தது. ஆசிரியர் ரதாமேஸ் கையேட்டை விரித்துப் படத்தைக் காட்டினார். மாணவர் ரதாமேஸ் சுண்டுவிரலை ஏற்றிப் பார்த்தார். ஏறவில்லை. இடது கையால் பிடித்து அழுத்தினார். விரல் மெல்லத் திரும்பித் தன்னிடத்துக்கே போய் நின்றுகொண்டது.

விதி கடுமையானதுதான், ஆனாலும் இது வேறு மாதிரியான கெடுதல். இருபத்திரண்டு வருடமாக ரதாமேஸ் தன் கையைப் பார்த்ததே இல்லை. பந்தைப் பார்ப்பார், விருந்தாளியின் முட்டியைப் பார்ப்பார், கை தன் பாட்டுக்கு வேலை செய்யும். இப்போது கையைப் பார்க்க ஆரம்பித்தார். இடது கட்டைவிரல் எங்கே இருக்கிறது? வலது உள்ளங்கை எந்தப் பக்கம் பார்க்கிறது? எடை எந்தக் காலில்? மூச்சை எப்போது விட வேண்டும்? சாப்பிடும்போது கரண்டியை எப்படிப் பிடித்திருக்கிறோம் என்று பார்த்தார், சோறு மேசையில் விழுந்தது. வாரநாளில் விருந்தாளி ஒருவர் "ஒரு தடவ அடிச்சுக் காட்டுங்க வாத்தியாரே" என்றார். ரதாமேஸ் அடித்தார். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டாவது தடவை அடித்தார். புல் பறந்தது. மூன்றாவது தடவை பந்து பக்கவாட்டில் போய், பானம் எடுத்து வந்த பணியாளின் தட்டில் விழுந்தது.

விருந்தாளி சிரித்தார். ரதாமேஸும் சிரித்தார். பிறகு மட்டைகள் வைக்கும் அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, தன் இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். யாருடைய கையோ மாதிரி இருந்தன.

அதன் பிறகு சுண்டுவிரலைப் பசைநாடா போட்டுக் கட்டிக்கொண்டு தூங்கினார். காலையில் விரல் நீலமாக இருக்கும், பாடம் மட்டும் ஏறியிருக்காது. பக்கத்து வீட்டு எலும்பு வைத்தியரிடம் போய், திரும்ப ஒடித்துவிட்டு நேராக ஒட்ட வைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். வைத்தியர் முதலில் வேடிக்கை என்றுதான் நினைத்திருக்கிறார். ரதாமேஸின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு காபி கொடுத்து அனுப்பிவிட்டார். இது தெருவில் எல்லோருக்கும் தெரியும், நூரிஸுக்கு மட்டும் தெரியாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

எட்டாவது சனிக்கிழமை முடிந்ததும் யனீரா ஒரு உறையை நீட்டினாள். ஆசிரியர்களுக்கான தர விதி, பதினாலாவது பிரிவு: எந்த ஆசிரியரும் தன் மாணவர்களில் குறைந்தது முப்பது சதவீதம் பேரைத் தோல்வியுறச் செய்ய வேண்டும். தவறினால் தரம் குறைந்தவர் என்று அவரது அனுமதி ரத்தாகும். தோற்ற மாணவர் இரண்டு வருடம் மட்டையைத் தொடவோ மைதானத்துக்குள் வரவோ கூடாது.

ரதாமேஸ் அந்த இடத்திலேயே தலைவரைத் தொலைபேசியில் பிடித்தார். "எங்கிட்ட இருக்கறது ஒரே மாணவருங்க, லிசென்சியாதோ. முப்பது சதவீதத்த எப்படி...?"

"நல்ல கேள்வி. இதப் பத்தி மன்றம் ஆழமா யோசிச்சிருக்கு. ஒரு மனுஷன முப்பது சதவீதம் மட்டும் தோக்கடிக்கறது மனிதாபிமானம் இல்ல. அதனால பின்னம் வந்தா மேல் எண்ணுக்குக் கொண்டுபோயிடறோம்."

"அப்ப முழுசா?"

"முழுசா. அவருக்கும் அது கௌரவம்தானே."

அன்று மத்தியானம் வீட்டில் நடந்த பேச்சைத் தெரு முழுக்கக் கேட்டது. ஜன்னல் சாத்தினால் புழுக்கம், அதனால் யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

"பாஸ் போட்டா ஆசிரியர் போயிடுவான். ஃபெயில் போட்டா மாணவன் போயிடுவான்," என்றார் ரதாமேஸ். "எப்படிப் பார்த்தாலும் நான்தான் போறேன்."

"ரெண்டு பேர்ல சம்பளம் வாங்கறவன் யாரு?"

"ஆசிரியர்."

"அப்புறம் என்னய்யா யோசனை? அந்த மாணவனத் தூக்கி எறி. எட்டு வாரமாப் பார்த்துட்டிருக்கேன், ஒண்ணுக்கும் ஆகாத பய. சோத்தக்கூட ஒழுங்கா வாயில வெக்கத் தெரியல."

ரதாமேஸ் சுண்டுவிரலைத் தடவிக்கொண்டார்.

"எலும்பு வைத்தியர்கிட்டப் போனதும் எனக்குத் தெரியும்," என்றாள் நூரிஸ், குரல் இறங்கி. "வெரல ஒடிக்கச் சொன்னியாமே."

"நேரா ஆகும்னு பார்த்தேன்."

"அந்த வெரலோடதான் என்னக் கட்டினே. எனக்கு நேரான வெரல் வேண்டாம். வாசலத் தாண்டி உள்ள போற ஆள்தான் வேணும். போய் அவன ஃபெயில் பண்ணிட்டு வா."

பரீட்சை மைதான விடுதியின் மாநாட்டு மண்டபத்தில், கம்பளத்தின் மேல் நடந்தது. மேசையில் மன்றத்தார் மூன்று பேர், பூச்சாடி, தண்ணீர்ப் புட்டி. லிசென்சியாதோ இருபது நிமிடம் பேசினார். "ஒரு காலத்துல இந்த நாட்டுல யார் வேணும்னாலும் யாருக்கு வேணும்னாலும் கோல்ஃப் சொல்லிக்குடுத்தாங்க. கத்துக்கிட்டவங்க சந்தோஷமா ஆடிட்டும் போனாங்க. இப்படியே விட்டிருந்தா நாம எங்க போய் நின்னிருப்போம்? எங்களுக்கு ஒரு அலுவலகம்கூட இருந்திருக்காது." கைதட்டினார்கள். அடுத்து உட்கார்ந்திருந்த பொருளாளர் எழுந்து, தலைவர் சொன்னதையே வழிமொழிவதாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

சுண்ணாம்புக்குப் பதில் கம்பளத்தில் இரண்டு வட்டத் துணி விரித்திருந்தது. ரதாமேஸ் மாணவர் வட்டத்தில் நின்று மட்டையைப் பிடித்தார். சுண்டுவிரல் மண்டபத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு நின்றது. மட்டையைக் கீழே வைத்துவிட்டு ஆசிரியர் வட்டத்துக்கு நடந்தார். ஓடவில்லை. ஓடும் வயது அந்த எட்டு வாரத்தில் முடிந்துவிட்டது.

"ஆசிரியரே, உங்க தீர்ப்பு?" என்றார் லிசென்சியாதோ.

ரதாமேஸ் வெறும் வட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஒருத்தரையும் ஆகாது என்று சொன்னதில்லை. ஒற்றைக் கை பாதிரியாருக்குக்கூட இடுப்பால் வீசக் கற்றுக்கொடுத்து அனுப்பியவர். "நாளைக்கு வந்துடும்" என்பதுதான் அவர் வாயில் வரும் வார்த்தை.

"வராது," என்றார் இப்போது. "அவனுக்கு வராதுங்க."

மன்றத்தார் எழுந்து நின்று கைதட்டினார்கள். நாட்டின் வரலாற்றிலேயே நூறு சதவீதக் கண்டிப்புள்ள முதல் ஆசிரியர் என்று எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழைக் கொடுத்தார்கள். புகைப்படத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள். ரதாமேஸ் மட்டும் பக்கத்து வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

திங்கட்கிழமை காலையில் வாசலில் சாகோ இரண்டு தாளை வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்தான். ஒன்றில், இந்தப் புகைப்படத்தில் உள்ள ஆசிரியரை மரியாதையோடு உள்ளே விடவும் என்று இருந்தது. மற்றதில், இந்தப் புகைப்படத்தில் உள்ள மாணவரை இரண்டு வருடத்துக்கு உள்ளே விட வேண்டாம் என்று இருந்தது. புகைப்படம் ஒன்றுதான்.

"அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. இப்ப வந்திருக்கறது யாரு?"

"ஆசிரியர்டா."

"எப்படி நம்பறது? அவனும் அதத்தானே சொல்லுவான். உள்ள விட்டுட்டா என் வேலை போயிடும்ணே."

"ஏய் சாகோ, உனக்குக் கல்யாணத்துக்குப் பொண்ணு பார்த்ததே நான்தான்டா."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. அவ இன்னும் உங்களத் திட்டிட்டுதான் இருக்கா." சாகோ யோசித்தான். "ஒண்ணு பண்ணுங்க. கை ரெண்டையும் பின்னாடி கட்டிக்குங்க. மாணவன்னா மட்டையத் தொடுவான். ஆசிரியர்னா தொட மாட்டாரு. எனக்கு ஒரு அடையாளம் வேணும்ல?"

அப்படியாக ரதாமேஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே போனார். அன்று முழுக்க அப்படியே நின்று வாயால் கற்றுக்கொடுத்தார். வேலிக்கு அப்பால் இருந்து சாகோ அடிக்கடி எட்டிப் பார்த்தான். முதல் நாள் நான்கு பேர் வந்தார்கள், இரண்டாம் நாள் இரண்டு பேர். "காட்டுங்க" என்றபோது காட்டாத வாத்தியாரை விட்டுவிட்டு, வியாழக்கிழமைக்குள் எல்லோரும் அடுத்த திடலில் வெளிநாட்டுத் தாள் வைத்திருந்தவரிடம் போய்விட்டார்கள். சட்டம் போட்ட சான்றிதழ் மட்டும் ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வாரத்திலிருந்து வர வேண்டாம் என்று மைதான மேலாளர் இன்னும் சொல்லவில்லை. சொல்லத் தோதான வார்த்தையைத் தேடிக்கொண்டிருப்பது அவர் முகத்தில் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை ஒரு கறுப்பு வண்டி வந்து நின்றது. லிசென்சியாதோ இறங்கினார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, இரண்டு கையிலும் கையுறை. கோல்ஃபுக்கு ஒரு கையுறைதான் என்று சொல்ல அங்கே யாருக்கும் தைரியம் வரவில்லை. பின்னால் யனீரா, கம்பளிச் சட்டை இல்லாமல், கோப்போடு வந்தாள்.

"அடுத்த வாரம் பக்கத்து நாடுகள்லேருந்து எல்லா மன்றத் தலைவர்களும் வர்றாங்க," என்றார் லிசென்சியாதோ. "தலைவர்களுக்கும் பூஜ்ய நிலைச் சான்றிதழ் இருக்கணுமாம். ஆடத் தேவையில்ல. தாள் இருந்தாப் போதும். நாட்டுல தகுதியான ஆசிரியர் நீங்க ஒருத்தர்தான். எட்டு சனிக்கிழமைய இன்னிக்கு ஒரே நாள்ல வெச்சுக்கலாம்னு தீர்மானம் போட்டுட்டோம்."

யனீரா இரண்டு வட்டம் போட்டாள். லிசென்சியாதோ மாணவர் வட்டத்தில் நின்று மட்டையை எடுத்தார். மழையில் குடையைப் பிடிப்பது மாதிரி ஒரு கையால் நடுத்தண்டில் பிடித்தார்.

"இன்னும் கீழங்க," என்றார் ரதாமேஸ், கையைப் பின்னால் கட்டியபடி. "ரெண்டு கையாலயும். அது இல்லீங்க, அது அடிக்கற பக்கம். தலைகீழா இருக்கு."

"வாயால சொன்னா எப்படி? வந்து காட்டுங்க."

"எனக்குத் தடை இருக்குங்க, லிசென்சியாதோ. உங்க கையெழுத்துதான்."

யனீரா தாளைக் காட்டினாள். லிசென்சியாதோ தன் கையெழுத்தைத் திருப்தியோடு பார்த்தார். "சரிதான். விதின்னா விதி." பிறகு மட்டையை ஓங்கினார். அது கையுறையிலிருந்து வழுக்கிப் பின்பக்கமாகப் போய், சாகோவின் நாற்காலிக்குப் பக்கத்தில் விழுந்தது. சாகோ எழுந்து சல்யூட் அடித்தான்.

"எப்படி?" என்றார் லிசென்சியாதோ.

பேனா பிடிக்க மட்டும் சாகோ தலையாட்டி அனுமதித்த பிறகு, ரதாமேஸின் கையில் மதிப்பெண் தாளை யனீரா வைத்தாள். அவருடைய பேனா தாளுக்கு மேல் நின்றது. தோல்வி என்று எழுதினால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். வெற்றி என்று எழுதினால், பதினாலாவது பிரிவு. வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கையை உயர்த்தியவர், சாகோ பார்ப்பதைக் கண்டு இறக்கிக்கொண்டார்.

"அம்மா, முப்பது சதவீதம்..." என்றார், யனீராவிடம், மெல்ல.

"கணக்குப் போட்டுட்டேன்ய்யா. உங்ககிட்ட இப்ப மொத்தம் ரெண்டு மாணவர். ஒருத்தர் ஏற்கெனவே தோத்துட்டார். அம்பது சதவீதம். நீங்க தாராளமா பாஸ் போடலாம்."

ரதாமேஸ் பாஸ் போட்டுவிட்டுக் கையை மறுபடி பின்னால் கட்டிக்கொண்டார். லிசென்சியாதோ கையுறையைக் கழற்றி அவர் முதுகில் தட்டினார். பின்னால் கட்டியிருந்த கையைக் குலுக்க வழி இல்லை.

"லிசென்சியாதோ," என்றார் ரதாமேஸ். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு அதிகாரியின் வழியை மறித்து நின்றார். "அந்த இன்னொரு மாணவனோட தடைய எடுத்துடுங்க. இப்படியே போனா ரெண்டு வருஷம் தாங்காது. மட்டையத் தொடாம என்னால சொல்லிக்குடுக்க முடியல. ஒருத்தரும் வர்றதில்ல. அடுத்த வாரமே என்ன வெளிய அனுப்பிடுவாங்க."

லிசென்சியாதோ உண்மையிலேயே வருத்தப்பட்டார். அதைச் சொல்ல வேண்டும். "எடுக்கலாம்தான். ஆனா தடைய எடுக்கணும்னா அவரோட தோல்விய ரத்து பண்ணணும். தோல்வி ரத்தானா உங்க கணக்குல தோத்தவங்களே இருக்க மாட்டாங்க. அப்ப என்னோட சான்றிதழ் செல்லாது. நாட்டோட மானம் போயிடும் பாருங்க."

வண்டிக்குப் போகும் வழியில் நின்று திரும்பினார். மனிதர் நன்றி மறப்பவர் இல்லை.

"அந்தத் தோத்துப்போன மாணவர்... அவரால்தானே நான் பாஸ் ஆனேன். ஒரு தடவ நேர்ல பார்த்துக் கையக் குலுக்கி நன்றி சொல்லணும். வரச் சொல்லுங்களேன்."

ரதாமேஸ் வாசல் பக்கம் பார்த்தார். பின்னால் கட்டியிருந்த கைகளை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார்.

"அவன உள்ள விட மாட்டாங்க, லிசென்சியாதோ."